கப்பல் மாதா கோயிலின் நாற்பத்திரண்டு படி

பலேர்மோ
18 ஓகஸ்ட் 2025

கோபத்தில் ஸ்பெயின் தேசத்து அரசிகளையெல்லாம் மிஞ்சிய என் மருமகள் நிலக்ஷிக்கு,

அம்பலவாணர் மாமா வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடது கையால் பேனா பிடித்து, சத்தியமாக எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் வரப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் மாமி எமிலியானா நம்பவில்லை. பாதர் நம்பவில்லை. எழுதுகிற எனக்கே காலையில் முழு நம்பிக்கையும் மத்தியானம் பாதி நம்பிக்கையுமாக இருக்கிறது. இருந்தாலும் கேள்.

"இனிப் போனிலை உங்களோடை கதைக்கமாட்டன். சொல்ல இருக்கிறதைக் கடதாசியிலை எழுதுங்கோ. கையாலை எழுதிறவன் பொய் சொல்லிக் களைச்சுப்போவான்" என்று தை மாதம் நீ எனக்குத் தீர்ப்பு எழுதினாய். ஏழு மாதமாக நான் எழுதவில்லை. களைப்புக்குப் பயந்து இல்லை, இங்கே எழுத ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடக்கிறது. சொல்லைக் கவனி, மருமகளே. கோயில் நடக்கிறது.

நீ சின்ன வயதில் வாங்குப் பலகையில் இருந்து காலாட்டிய அதே கப்பல் மாதா கோயில்தான். துறைமுகத்துக்கு இரண்டு தெரு மேலே, பலேர்மோ ஸ்பெயின் ராசாவின் கையில் இருந்த காலத்தில், அங்கேயிருந்து கப்பலில் வந்த கொத்தனார்கள் கட்டிய கூர்வளைவுக் கோயில். ஐந்நூறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது அது கடல் பக்கம் போகத் தொடங்கியிருக்கிறது. ஊருக்குப் போகிற ஆசை யாருக்குத்தான் இல்லை? நாங்கள் என்றால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் பையில் வைத்துக்கொண்டு போகவேண்டும். அதற்கு அந்தத் தொல்லையும் இல்லை.

ஒன்பது வருஷமாக அந்தத் தரையைத் தும்புத்தடியால் கூட்டித் துடைக்கிறவன் நான். எனக்குத் தெரியாமல் அது எங்கே போவது? காலையில் வாங்குகளில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. கூட்டி அள்ளினால் ஒரு கப்பல் நிரம்பும். (சரி, ஒரு வாளி.) வளைகூரையில் இருந்த நானூறு புறாவும் ஒரே நாளில் குடிபெயர்ந்துவிட்டன. மத்தியானம் கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில் மேலே ஒரு சத்தம், நங்கூரக் கயிறு இறுகுவது போல. பாட்டுக்காரர் நிற்கும் மேல்மாடத்துக்குப் போகிற கல் படி நாற்பத்திரண்டு என்பது உனக்கும் தெரியும். இப்போது அறுபதுக்குக் குறையாது. வெள்ளிக்கிழமைகளில் ஏறும்போது முப்பதாம் படியில் குந்தி இருந்து அண்ணாந்து பார்க்கிறேன். படி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய செய்தி விளக்கு. வளைவின் உச்சிக் கல்லில் இருந்து தொங்குகிற பெரிய வெண்கல விளக்கு. அதிலிருந்து விழுகிற எண்ணெய்ச் சொட்டு தரையில் உள்ள நட்சத்திரக் கல்லின் நட்ட நடுவில்தான் விழும். சுரண்டித் துடைக்கிறவன் சொல்கிறேன். இந்த ஆடியில் இருந்து அது நடுவில் விழுவதில்லை. கடல் வாசல் பக்கம் நகர்ந்துபோய் விழுகிறது.

ஒக்ரோபர் பத்தொன்பது, ஞாயிறு, பின்னேரம் நாலு மணி. திருநாள், தமிழ்ப் பூசை, முந்நூறு சனம். பாடகர் குழு மேலே நெருக்கமாக இருக்கிறதென்று இந்த வருஷம் கீழே, நட்சத்திரக் கல்லைச் சுற்றி நிற்கப்போகிறார்கள். உன் மாமி முன் வரிசை. விளக்குக்கு நேர் கீழே, வாயைத் திறந்தபடி.

நான் பொய்யன்தான். என் பெண்சாதி நிசம். கல்லைப் பற்றிப் படிக்கிறவள் நீ. நான் பயப்படலாமா வேண்டாமா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
கப்பல் மாதா கோயிலின் தும்புத்தடி வேந்தனும், வாளிக்கு அதிபதியும், உன் தாயின் ஒரே தம்பியுமாகிய
அம்பலவாணர்


ஜிரோனா
27 ஓகஸ்ட் 2025

மாமாவுக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

நான் ஏன் போனை விட்டேன் என்று உங்களுக்கு மறந்திருந்தால் எழுதுகிறேன். போன மார்கழியில் போன் எடுத்து, "டொக்டர் மூண்டு நாள்தான் எண்டிட்டார், பிள்ளை" என்றீர்கள். நான் சோதனையை விட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலைப் பார்த்த சாப்பாட்டுக் கடையில், ஒரு பிரபுவைப் போல இடது கையில் முள்ளுக்கரண்டி, வலது கை மேசைக்குக் கீழே, பேய்க்கணவாய் தின்றுகொண்டிருந்தீர்கள். "பல்லுப் பிடுங்கினது, கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன்" என்றீர்கள். மாமி பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. ஒரு சொல் கதைக்கவில்லை. அந்தச் சோதனையை இனி நவம்பர் ஆறாம் திகதி எழுதப்போகிறேன். என்னுடைய ஒரு வருஷத்தை அந்தப் பேய்க்கணவாய் தின்றுவிட்டது.

இப்போது உங்கள் கோயில். கற்படி வளராது. இங்கே ஸ்பெயினில், ஜிரோனாப் பேராலயத்துக்கு முன்னால் தொண்ணூறு படி இருக்கிறது, தினமும் ஏறுகிறேன், ஒன்றுகூடக் கூடவில்லை. புறா பருந்துக்குப் பயந்து போகும். வெள்ளைத் தூள் கடற்காற்றின் உப்பாக இருக்கலாம். விளக்கில்தான் நீங்கள் பிடிபட்டீர்கள். அந்த விளக்குக்குள்ளே மின்குமிழ் இருக்கிறது, மாமா. அந்த வாங்கில் இருந்து அண்ணாந்து பார்த்து வளர்ந்தவள் நான். எண்ணெய் இல்லாத விளக்கில் இருந்து எண்ணெய் எப்படிச் சொட்டும்?

ஒரு பேச்சுக்கு, சொட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். விளக்கு சங்கிலியில் சுழன்றால் சொட்டு ஒரு வட்டமாக விழும். அதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. நேர்கோட்டில் விழுந்தால் மட்டும் நகர்வது விளக்கு இல்லை, அது தொங்குகிற கல்.

இந்தப் பேராலயத்தின் வளைகூரை இருபத்திரண்டு மீற்றருக்கு மேல் அகலம். கொதிக் பாணிக் கூர்வளைவுக் கோயில்களில் இவ்வளவு அகலம் வேறெங்கும் இல்லை. கட்ட முன்னர் பயந்துவிட்டார்கள். அறுநூறு வருஷத்துக்கு முன் பன்னிரண்டு தலைமைக் கொத்தனார்களை அழைத்து, ஒவ்வொருவரையும் சத்தியம் செய்யவைத்து, நிற்குமா விழுமா என்று கேட்டார்களாம். உங்களைப் பதின்மூன்றாம் ஆளாக வைக்கிறேன். சத்தியம் செய்து எழுதுங்கள். எண்ணெய் எங்கேயிருந்து வந்தது? பிறகு ஒரு பெரிய கடதாசியில் நட்சத்திரக் கல்லின் ஓரங்களைக் கீறி, ஒவ்வொரு வெள்ளியும் அதே ஓரங்களில் பொருத்தி வைத்து, சொட்டைப் பிடித்து, நாலு கிழமைக்குப் பிறகு அனுப்புங்கள்.

அனுப்பமாட்டீர்கள் என்று தெரியும்.

நிலக்ஷி


பலேர்மோ
29 செப்ரெம்பர் 2025

நீதிபதி நிலக்ஷி அவர்களின் சமூகத்துக்கு,

பதின்மூன்றாம் கொத்தனார் ஆஜர். நான் தின்ற பேய்க்கணவாயின் எட்டுக் கையிலும் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

எண்ணெய் என்னுடையது.

விளக்கு காய்ந்துதான் கிடந்தது, மகளே. இவ்வளவு பெரிய வெண்கல விளக்கு, சாமிக்கு நேரே தொங்குகிறது, வயிற்றுக்குள் ஒரு மின்குமிழைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஒரு சைவக்காரன் பட்டினி கிடக்கிற விளக்குக்குக் கீழே எத்தனை வருஷம் கூட்டிக்கொண்டிருப்பான்? எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் நல்லெண்ணெய்ப் போத்தல் வாங்கி, மேல்மாடத்தில் ஏறிச் சங்கிலியைத் தளர்த்தி விளக்கை இறக்கி, எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றித் திரும்ப உயர்த்தினேன். மின்குமிழுக்கு நோகாமல் ஒரு பக்கமாக. அன்று தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும், கோயில் பூட்டிக் கிடக்கிற மத்தியானத்தில் இரண்டு மணித்தியாலம் கப்பல் மாதாவுக்கு நல்லெண்ணெய் விளக்கு. அவ வேண்டாம் என்று சொல்லவில்லை. அடியில் ஒரு ஊசித்துளை. அதுதான் சொட்டு.

பாதருக்கு இது தெரிந்தால் தும்புத்தடி பறிபோகும். அதனால் சொட்டைப் பற்றி ஒருவருக்கும் சொல்ல வழியில்லை. எண்ணெயை மறைத்து, தூளையும் சத்தத்தையும் மட்டும் சொல்லிப் பார்த்தேன். பாதர் கோயில் ஐந்நூறு வருஷம் நின்றதென்றும், நான் இத்தாலிக்கு வந்து முப்பது வருஷம்தான் என்றும் சொன்னார். திருநாள் குழுத் தலைவர் பெனடிக்ற் சிரித்தான். "அம்பலம் அண்ணை, போன வருஷம் மாதா உங்களோடை மன்னார்த் தமிழிலை கதைச்சவ எண்டியள். இந்த வருஷம் கோயிலே வெளிக்கிடுது எண்டிறியள்" என்றான். பிழை என்னிடம்தான். மாதா கதைத்தது யாழ்ப்பாணத் தமிழ் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான்.

கடதாசி இத்துடன் வருகிறது. நாலு வெள்ளி, நாலு சொட்டு, பக்கத்தில் திகதி. நான் கோடு கீறவில்லை. சொட்டு தானே கீறிக்கொண்டது.

படியையும் எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதாவதில் குந்திவிட்டேன். மொத்தம் எண்பது இருக்கும். அதிசயம் என்னவென்றால், இறங்கும்போது நாற்பத்திரண்டுதான் இருக்கிறது. ஏறும்போது மட்டும்தான் வளர்கிறது.

மேலே சத்தம் இப்போது காலையிலும் கேட்கிறது.

இப்படிக்கு,
தும்புத்தடி வேந்தன் (பதவி ஆபத்தில்)
அம்பலவாணர்


ஜிரோனா
6 ஒக்ரோபர் 2025
பதிவுத் தபால்

மாமா,

கடதாசியை மணந்து பார்த்தேன். நல்லெண்ணெய். பத்து மாதத்துக்குப் பிறகு உங்களை நினைத்துச் சிரித்தேன். பிறகு அடிமட்டத்தை எடுத்து வைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

முதலாவது சொட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர். அடுத்தது மூன்று. அடுத்தது ஆறு. வட்டம் இல்லை. நேர்கோடு, கடல் வாசலை நோக்கி. தூரம் சின்னது. ஒவ்வொரு கிழமையும் முந்திய கிழமையை விடக் கூடுகிறது என்பதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. நீங்கள் ஒரு மைல் நடந்தது என்று எழுதியிருந்தால் நான் இரவு நித்திரை கொண்டிருப்பேன்.

எங்கள் விரிவுரையாளரிடம் காட்டினேன். எண்ணெய்க் கடதாசியை எந்த அலுவலகமும் சாட்சியாக எடுக்காது என்றார். கடதாசியைத் திருப்பித் தரும்போது, அந்த விளக்குக்குக் கீழே தான் நிற்கமாட்டேன் என்றார். பலேர்மோவில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற இடத்துக்குக் கடிதமும் படமும் அனுப்பினேன். ஒரு இலக்கம் தந்து, நவம்பரில் வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார்கள். பாதருக்குப் போன் எடுத்தேன். யார் சொன்னது என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. மாமியிடம் சொன்னேன். "அவர் சொல்லி நான் எந்த நாள் நம்பினனான், பிள்ளை, இண்டைக்கு நம்ப" என்றா. திருநாளுக்குப் புதுச் சேலை எடுத்திருக்கிறாவாம்.

திருநாளுக்கு முன் கோயிலைப் பூட்டவேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. பாதரிடம் எண்ணெயையும் சேர்த்து முழு உண்மையையும் சொல்லிப் பாருங்கள். வேலை போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் படிக் கதையை விட்டுவிடுங்கள். அந்த ஒரு பொய்தான் மற்ற உண்மைகளையும் பொய்யாக்குகிறது.

நிலக்ஷி


பலேர்மோ
13 ஒக்ரோபர் 2025

நிலக்ஷிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பாதரிடம் போய் முழு உண்மையையும் சொன்னேன். எண்ணெய், ஊசித்துளை, எட்டு வருஷம், உன் அடிமட்டம், ஒன்றையும் விடவில்லை. அறுபத்தொரு வயதில் ஒரு மனிசனுக்கு நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன முதல் கதை அது.

கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேல்மாடத்துச் சங்கிலிப் பூட்டின் திறப்பைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார். விளக்கை இனித் தொடக்கூடாது. என் வேலையைப் பற்றித் திருநாள் முடியக் கதைக்கலாம். ஆக இனி எண்ணெய் இல்லை, சொட்டும் இல்லை. அது எவ்வளவு போகிறது என்று பார்க்க எங்களிடம் இருந்த ஒரே கண்ணையும் உண்மை சொல்லிக் குருடாக்கிவிட்டேன். கடைசியாக மூன்றாம் திகதி விழுந்த சொட்டை அளந்து வைத்திருந்தேன். அதற்கு முந்தியதில் இருந்து என் பெருவிரல் நகத்தளவு தள்ளி விழுந்திருக்கிறது.

மாமிக்குத் தினமும் பின்னேரம் ஒத்திகை. நட்சத்திரக் கல்லைச் சுற்றி நிற்கிறார்கள். நான் தூணோடு சாய்ந்து நின்று கேட்கிறேன். மேல் சுரம் எடுக்கும்போது வாங்குகளில் தூள் விழுகிறது. நாலு பேர் அதைக் கையால் தட்டிவிட்டுப் பாடுகிறார்கள்.

உண்மை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. இனி எனக்குத் தெரிந்த தொழிலை நான் செய்யவேண்டும். ஸ்தாசியோனேக்குப் பின்னால் போகிற தெருவில் ஒரு மரம் நிற்கிறது, நினைவிருக்கிறதா? நீ ஒன்பது வயதில் வேப்பமரம் என்று ஓடிப்போய் இலையைக் கடித்தாய், வேம்பு இல்லை, மலைவேம்பு. அது இன்னும் பச்சையாக நிற்கிறது. மாமியின் சிவப்பு உதட்டுச்சாயம் ஒன்றும் வீட்டில் காணாமல் போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது.

படியைப் பற்றி எழுதவேண்டாம் என்றாய். எழுதவில்லை. பன்னிரண்டு.

அம்பலவாணர் மாமா


ஜிரோனா
21 ஒக்ரோபர் 2025

அன்பு மாமா,

ஞாயிறு இரவு யாரோ போட்ட வீடியோவைப் பார்த்தேன். கோயிலுக்கு முன்னால் வெளியில் முந்நூறு சனம். பாதர் கையை விரித்துவிரித்துக் கூப்பிடுகிறார்; ஒருவரும் உள்ளே போகவில்லை. வாசலில் ஒரு குழைக் கட்டுத் தொங்குகிறது. எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. வீட்டில் அம்மாள் வருத்தம் வந்து வேப்பிலை கட்டினால், சைவக்காரர் என்ன, மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் என்ன, பிள்ளைகுட்டியோடு எந்தத் தமிழரும் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள். பாதருக்கு அது வெறும் இலை.

பிறகு வாசலால் வெள்ளையாக ஒரு மூச்சு வெளியே வந்தது. படம் ஆடியது. சனத்தின் சத்தத்துக்குள் கோயிலின் சத்தம் கேட்கவே இல்லை.

மாமியோடு கதைத்தேன். அழுதுகொண்டே இருந்தா. நடு வளைவு முழுக்க இறங்கிவிட்டதாம். விளக்கு நட்சத்திரக் கல்லை இரண்டாகப் பிளந்துவிட்டதாம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு தரம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

என் தீர்ப்பைத் திருப்பி எடுக்கிறேன். போனில் கதையுங்கள். பேய்க்கணவாயையும் மன்னித்துவிட்டேன். இனி நீங்கள் எதைச் சொன்னாலும் நம்புவேன்.

சோதனை ஆறாம் திகதி. முடிந்ததும் வருகிறேன்.

உங்கள்
நிலக்ஷி


பலேர்மோ
28 ஒக்ரோபர் 2025

அன்புள்ள நிலக்ஷிக்கு,

மூன்று நாளாகப் போனில் கதைக்கிறோம். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. போனில் உண்மை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

அன்று நடந்ததை மாமி முழுக்கச் சொல்லியிருக்கமாட்டா. மூன்றரைக்கு நான் குழையைக் கட்டிவிட்டு, போர்வையால் தலையை மூடி, முகத்திலும் கையிலும் உதட்டுச்சாயப் பொட்டுகளோடு வாசலில் குந்தியிருந்தேன். முதலில் பெனடிக்ற் வந்தான், இரண்டு பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி.

"என்ன அண்ணை இது?"

"அம்மாள் வந்திருக்கிறா."

"எங்கை?"

"என்னிலைதான். வாங்கு எல்லாம் நேற்று நான்தான் கையாலை துடைச்சனான்."

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாலு அடி பின்னால் போனான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒரு கூட்டமே நின்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பெனடிக்ற் ஒரு இலையை நுள்ளி மணந்தான். "இது வேப்பிலை இல்லையே" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். வாய் ஓரத்தில் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது. அம்பலத்தின் ஆட்டம் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேர் என்னைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்கள்.

அந்த நேரம் உன் மாமி பாடகர் குழுவோடு வந்தா. புதுச் சேலை. எனக்கு ஒன்பது வயதில் அம்மாள் வந்து போனது, இனித் திரும்ப வராது என்பது அவவுக்குத் தெரியும். நெஞ்சில் இன்னும் தழும்பு இருக்கிறது. குழையைப் பார்த்தா. பொட்டைப் பார்த்தா, அது தன்னுடைய சிவப்பு என்பது அவவுக்கு விளங்காமல் இருக்குமா? என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னா:

"ஓம். நேற்றுப் பின்னேரம் துவங்கின காய்ச்சல். பிள்ளையளைக் கிட்டக் கொண்டுவராதேங்கோ."

இருபத்தெட்டு வருஷக் கலியாணத்தில் அவ சொன்ன முதல் பொய் அது. எமிலியானா சொன்னால் பலேர்மோவில் ஆர் மறுத்துக் கதைப்பது? உள்ளே போன மூன்று பேரும் வெளியே ஓடிவந்தார்கள். பாதர் வந்தார், கூப்பிட்டார், கெஞ்சினார். கடைசியில் கோபத்தில் இறங்கிவந்து குழையைப் பிய்த்து எடுத்தார். அவர் அந்தக் குழையைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நிற்கும்போதுதான் பின்னால் கோயில் இறங்கியது. சத்தம் நாப்போலி வரை கேட்டது.

ஏன் பொய் சொன்னனீர் என்று இரவு கேட்டேன். "பொய் சொல்லேக்கை உங்கடை முகம் சிரிக்கும்" என்றா. "அண்டைக்குச் சிரிக்கேல்லை."

இடிபாட்டைப் பார்க்க வந்த அலுவலகக்காரர் நட்சத்திரக் கல்லில் ஊறியிருந்த எண்ணெயைச் சுரண்டிக் குப்பியில் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்பெயின்காரர் கல்லுக்கு நல்லெண்ணெய் பூசினார்கள் என்று நாளைக்கு உன் பாடப் புத்தகத்தில் வந்தால் என்னைக் குறை சொல்லாதே. பாதர் என்னைத் தேடி வந்தார். திறப்பைத் திருப்பித் தந்தார். திறக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் தந்தார்.

இனி நான் சொல்வதையெல்லாம் நம்புவேன் என்று எழுதியிருக்கிறாய். அது பெரிய பிழை, உடனே திருத்திக்கொள். நாப்போலி வரை சத்தம் கேட்கவில்லை. புறா நானூறு இல்லை, பதினொன்று. கோயிலுக்கு ஸ்பெயின் போகிற எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. படி நாற்பத்திரண்டுதான். ஏறும்போதும் நாற்பத்திரண்டுதான்.

ஏறுகிற ஆள்தான் குறைந்துகொண்டு போனான்.

நீ படிக் கதையை விடச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் என்று நீ எடுத்துப் போட்ட இடத்தில் அது பத்திரமாகக் கிடந்தது.

போன மார்கழியில் உனக்குப் போன் எடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான். பயத்தில் எடுத்துவிட்டேன். விமானம் ஏறுகிறேன் என்று நீ சொன்ன பிறகுதான் உன் சோதனை நினைவுக்கு வந்தது. எஞ்சியிருக்கிற பாடங்களையாவது நீ போய் எழுதவேண்டும் என்றால், என்னோடு கோபித்துக்கொண்டு போகவேண்டும். நீ வந்திறங்கிய அன்று காலை நானே கையெழுத்து வைத்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தேன். மாமியின் வாயைக் கெஞ்சிப் பூட்டினேன். வலது கையை நான் மேசைக்கு மேலே எடுக்காததற்குக் காரணம், அதில் ஊசி ஏற்றிய பிளாஸ்டரும் என் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிப் பட்டியும் இருந்தன. அறுக்கக் கத்தரிக்கோல் கிடைக்கவில்லை. பேய்க்கணவாய் எனக்கு ஒருநாளும் பிடிக்காது.

வருகிற செவ்வாய், நாலாம் திகதி, நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். அதனால்தான் இதைச் சாதாரணத் தபாலில் போடுகிறேன், ஆறாம் திகதி கழிந்து உன் கையில் கிடைக்கட்டும் என்று. நீ படிக்கிறபோது செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும். அது எப்படி முடிந்தது என்பது எனக்கு முன்னர் உனக்குத் தெரிந்திருக்கலாம். மாமியைக் கேள். அவ இரண்டாவது பொய் சொல்லமாட்டா.

அன்று போனில் சொன்னதெல்லாம் வழக்கமான அம்பலத்தின் கதைதான், மகளே. ஒரு சின்னத் துண்டு மட்டும் நிசம். மூன்று நாள் என்று டொக்டர் சொல்லவில்லை. நாள் என்பது நான் கூட்டிச் சொன்னது. மூன்று குழாயில் அடைப்பு என்றார். அந்த மூன்று உண்மை.

மாமா